கூம்புக்கு ஏற்ற விசை

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனியை அடுத்துள்ள தொப்பம்பட்டி வட்டாரத்தில், தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வந்துவிட்டால் காவடியும் அரோகரா முழக்கமும் நிறைந்துவிடும். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துத் தண்டாயுதபாணியை நாடி நடக்கும் அன்பர்களுக்குக் கந்த சஷ்டி கவசம் வழித்துணை. அந்தக் கவசம் பாதியில் நின்று, ஒலிபெருக்கியில் கருகிய வாடை எழுந்தால், பெரும்பாலும் காரணம் கணக்குப் பிழையே.

ஒலிபெருக்கிக் கூம்பில் ‘8 ஓம்’ என்றிருப்பது பிரணவத்தைக் குறிப்பதன்று. ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஓம் (1789–1854) பெயரால் அமைந்த மின்தடை அலகு. 8 ஓம் கூம்புகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். நான்கைச் சேர்த்தால் 2 ஓம். அளவு குறையக் குறைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து மின்னோட்டம் மிகுதியாக இழுக்கப்படும். அக்கருவிக்குக் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் அது சூடேறிப் பழுதாகும்.

அடுத்தது வாட். கூம்பின் தாங்குதிறனை மீறி விசை செலுத்தினால் உள்ளிருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் எரியும். சிறிய ஆம்ப்ளிஃபயரை முழு அளவில் திருகி அலற விடுவதும் தீங்கே. அப்போது ஒலியலையின் முகடு வெட்டுண்டு, குரல் கரகரத்து, சுருள் மேலும் சூடேறும். கரகரப்புக் கேட்டவுடன் ஒலியைக் குறைத்தல் வேண்டும்.

வீதி நெடுகக் கூம்பு கட்டுவோர் 100 வோல்ட் இணைப்பைக் கையாளுவர். இதில் ஒவ்வொரு கூம்புக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இன்றியமையாதது. கூம்புகளின் வாட் அளவுகளைக் கூட்டி, ஆம்ப்ளிஃபயர் திறனில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைப்பது நலம். 100 வாட் கருவிக்கு 15 வாட் கூம்புகள் ஐந்து போதும்; கூட்டுத்தொகை 75. இந்தக் கம்பியில் மின்னதிர்ச்சி அபாயமும் உண்டு. தீர்த்தம் சுமந்த ஈரக் கையால் எவரும் தொடலாகாது. கருவியை நிறுத்திய பின்னரே இணைப்பை மாற்ற வேண்டும்.

விசையை இரட்டித்தாலும் ஒலி 3 டெசிபல்தான் உயரும். திறந்தவெளியில் தொலைவு இரட்டித்தாலோ 6 டெசிபல் குறைந்துவிடும். ஆகவே ஓரிடத்தில் பெருங்கூம்பை அலறவிடுவதினும், சிறு கூம்புகளை இடைவெளி விட்டு அமைப்பதே முதியோர் செவிக்கும் கருவிக்கும் இதமானது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக்களுக்கு ஆண்டில் 15 நாள்கள் வரை மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். விழாக் குழுவினர் கொடியேற்றத்துக்கு முன்பே ஓமையும் வாட்டையும் எழுதிக் கூட்டிப் பார்ப்பாராக. கவசத்தின் ஒவ்வொரு சொல்லும் தடையின்றி அடியார் செவியை அடையட்டும்.