சுண்டெலி அளந்த யூனிட்

போடியிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய உறைக்குள் கடிதத்தோடு ஒரு ரசீதின் நகலும் இருந்தது. அவருடைய அண்ணன் மகள், கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் புருவ மத்திக் கோடுகளுக்கு போடாக்ஸ் போட்டுக்கொண்டாளாம். ரசீதில் '20 யூனிட்' என்று எழுதி, நேரே நாலிலக்கத்தில் ஒரு தொகை. "யூனிட் என்றால் என்ன சார், கரன்ட் பில் மாதிரியா? மில்லிகிராமில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கிறார்.

மில்லிகிராமில் சொல்ல முடியாதம்மா, அந்த அளவுக்கு அதில் மருந்தே கிடையாது. 100 யூனிட் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காலிக் குப்பி என்றே தோன்றும். அடியில் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அதிலும் கண்ணுக்குத் தெரிவது உப்பும், மனித ரத்தத்திலிருந்து எடுத்த அல்புமினும்தான். சரக்கு என்று சொல்லத்தக்க நஞ்சுப் புரதம் ஏறக்குறைய 5 நானோகிராம். ஒரு கிராம் கையில் இருந்தால் இப்படி 20 கோடிக் குப்பிகள் நிரப்பலாம்.

கெட்டுப்போன உணவில் வளரும் பாக்டீரியாவின் நஞ்சு இது, நரம்பு தசைக்கு அனுப்பும் சேதியை மூன்று நான்கு மாதம் தடுத்து வைக்கிறது என்பதெல்லாம் பல தடவை எழுதப்பட்ட கதை. என்னைப் பிடித்துக்கொண்டது அந்த யூனிட்தான்.

இவ்வளவு சிறிய எடையை அளக்கக் கருவி இருந்தாலும் பயன் குறைவு. தயாரிக்கும்போதும் உலர்த்தும்போதும் புரதத்தில் ஒரு பகுதி வீரியம் இழந்துவிடும். வேலை செய்கிற நஞ்சு எவ்வளவு, செத்துப்போன நஞ்சு எவ்வளவு என்று தராசுக்குத் தெரியாது. அதனால் சுண்டெலியைக் கேட்டார்கள். சுமார் 20 கிராம் எடையுள்ள எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, வெவ்வேறு அளவில் நஞ்சை வயிற்றுக்குள் செலுத்துவார்கள். எந்த அளவில் ஒரு கூட்டத்தில் பாதி எலிகள் சாகின்றனவோ, அந்த அளவு ஒரு யூனிட். உங்கள் ரசீதில் இருக்கும் 20, அப்படிப்பட்ட இருபது. இதில் திகைக்க ஒன்றுமில்லை. இன்சுலின் வந்த புதிதில் அதன் யூனிட்டையும் பட்டினி போட்ட முயலின் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் வகுத்தார்கள். போடாக்ஸ் நிறுவனம் எலிக்குப் பதிலாக வளர்ப்பு செல்களில் சோதிக்க 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. ஆனாலும் அளவுகோல் எலி வகுத்துக் கொடுத்ததுதான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. என் பாட்டி வீட்டில் இரண்டு படிகள் இருந்தன, சின்னப்படி, பெரியபடி. களத்துக்காரர் பெரியபடி கணக்கில் நெல் கேட்க, பாட்டி சின்னப்படியை எடுத்து நீட்டியதால் வந்த சண்டை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டுக்கும் பெயர் படிதான். ஒவ்வொரு நிறுவனமும் தன் எலி, தன் கரைசல், தன் முறை என்று வைத்துக்கொண்டதால் யூனிட்டும் அப்படி ஆகிவிட்டது. புருவ மத்திக்கு போடாக்ஸ் என்றால் ஐந்து இடத்தில் நாலு நாலாக 20 யூனிட். அதே இடத்துக்கு இன்னொரு நிறுவனத்தின் டிஸ்போர்ட் என்றால் 50 யூனிட். 'யூனிட் விலை பாதிதான்' என்று விளம்பரம் செய்கிறவர் எந்தப் படியால் அளக்கிறார் என்று சொல்வதில்லை.

இன்னொரு குழப்பம் தண்ணீர். உலர்ந்த படலத்தை உப்புநீர் விட்டுக் கரைத்தால்தான் ஊசியில் ஏறும். 100 யூனிட் குப்பியில் 2.5 மி.லி. விட்டால் 0.1 மி.லி.யில் 4 யூனிட். 5 மி.லி. விட்டால் அதே துளியில் 2. திடீரென்று விருந்தாளி வந்துவிட்டால் அம்மா டிகாக்‌ஷனில் வெந்நீர் சேர்ப்பாள். எல்லோருக்கும் தம்ளர் நிறையக் காபி கிடைக்கும், தூக்கம்தான் தெளியாது. ஆகவே எத்தனை மி.லி. உள்ளே போனது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பல மருத்துவர்கள் இதற்கு இன்சுலின் சிரிஞ்சைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஊசி மெல்லிசு என்பதால். 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 0.1 மி.லி.க்கு நேரே 10 என்று அச்சிட்டிருக்கும். அது இன்சுலின் கணக்கு. எட்டிப் பார்க்கிறவர் 10 யூனிட் ஏறியது என்று நினைப்பார், 2.5 மி.லி. விட்ட குப்பியென்றால் ஏறியது 4.

சில இடங்களில் யூனிட்டுக்கு இவ்வளவு என்றும், சில இடங்களில் நெற்றிக்கு இவ்வளவு, கண்ணோரத்துக்கு இவ்வளவு என்றும் வாங்குகிறார்கள். இரண்டாவது வகையில் எத்தனை யூனிட் போட்டார்கள் என்பதே ரசீதில் வராது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஜவுளிக்கடையில் எத்தனை மீட்டர் என்று கேட்காமல் யாராவது துணி கிழிப்பார்களா? அதைவிட மோசம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத குப்பி. 2004-ல் ஃபுளோரிடாவில், மனிதருக்கென்று தயாரிக்காத ஆய்வுக்கூட நஞ்சைப் போட்டுக்கொண்ட நாலு பேர் வாதம் வந்து படுத்துவிட்டார்கள். ஊசி போட்ட மருத்துவரும் அந்த நாலு பேரில் ஒருவர்.

மனசை உறுத்துவது வேறொன்று. சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் இதை மாறுகண்ணுக்காகத்தான் மருந்தாக்கினார். 1989-ல் கிடைத்த அமெரிக்க அனுமதியும் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும். புருவ மத்திக் கோடு 2002-ல்தான் பட்டியலில் சேர்ந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு கை முஷ்டியாக இறுகி, நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகிப்போன ஒருவரை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அந்த விரல்களைத் தளர்த்தவும் இதே குப்பிதான். ஆனால் பெரிய தசைகள். ஒரே தடவையில் 400 யூனிட் வரைகூட ஆகலாம், சில மாதம் கழித்து மறுபடியும் போட வேண்டும். சுருக்கத்துக்கு 20 யூனிட் விலை விசாரித்து வைத்திருக்கும் அவர் குடும்பத்துப் பெண்களுக்கே, அந்தக் கைக்கும் இந்த ஊசி உண்டு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

வாசகிக்கு ஒரு வார்த்தை. ரசீதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். 20 யூனிட் இருக்கிறது, தொகை இருக்கிறது, மருந்தின் பெயர் இல்லை. அண்ணன் மகளிடம் கேட்டு எழுதுங்கள். டிஸ்போர்ட் என்று பதில் வந்தால், பாதிகூடப் போடவில்லை.