டைம்லைனில் ஏற மறுக்கும் வீடியோ

எடிட்டிங் மென்பொருள் ஒரு வீடியோவைத் திறக்க மறுத்தால், பலரும் கோப்புப் பெயரின் வாலில் இருக்கும் எம்.கே.வி.யை எம்.பி.4 என்று மாற்றிப் பார்ப்பார்கள். பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

வீடியோ கோப்பு ஓர் அஞ்சறைப் பெட்டி. படம், ஒலி, சப்டைட்டில் எல்லாம் தனித்தனி அறைகளில் இருக்கும். எம்.பி.4, எம்.ஓ.வி., எம்.கே.வி. ஆகியவை பெட்டியின் வகைகள். இவற்றைக் கன்டெய்னர் என்பார்கள். உள்ளே இருக்கும் படத்தைச் சுருக்கும் முறைக்குப் பெயர் கோடெக். 2003இல் வந்த ஹெச்.264, 2013இல் வந்த ஹெச்.265, 2018இல் வந்த ஏவி1 ஆகியவை கோடெக்குகள். ஒரே எம்.பி.4க்குள் இந்த மூன்றில் எதுவும் இருக்கலாம். நேற்றைய எம்.பி.4 ஓடியது, இன்றையது ஓடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எனவே முதலில், சிக்கல் பெட்டியிலா சரக்கிலா என்று பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைச் சொல்லிவிடும். திரையைப் பதிவுசெய்யும் ஓ.பி.எஸ். மென்பொருளில் எடுத்த எம்.கே.வி. ஒன்றைத் திறந்தால், கன்டெய்னர் 'மட்ரோஸ்கா' என்றும் வீடியோ 'ஏவிசி' என்றும் காட்டும். ஏவிசி என்பது ஹெச்.264இன் இன்னொரு பெயர். சரக்கு பழகியதுதான், பெட்டிதான் புதிது. இதற்கு ரீமக்ஸ் போதும். ஓ.பி.எஸ். மெனுவிலேயே அந்த வசதி உண்டு. படத்தை மறுபடி சுருக்காமல் பெட்டியை மட்டும் மாற்றுவதால், தரம் துளியும் குறையாது. வேலையும் சட்டென்று முடியும்.

எடிட்டிங் மென்பொருளுக்குக் கோடெக்கே புரியவில்லை என்றால் டிரான்ஸ்கோட் செய்யத்தான், அதாவது வேறு கோடெக்கில் மறுபடி சுருக்கத்தான் வேண்டும். எஃப்.எஃப்.எம்பெக் என்ற மென்பொருள் கொண்டு புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்ற எடிட்டிங் கோடெக்குக்கு மாற்றலாம். ஏன் இவை? ஹெச்.264 பொதுவாகச் சில ஃபிரேம்களை மட்டும் முழுதாக வைத்து, மற்றவற்றில் மாறிய பகுதிகளையே குறித்துவைக்கும். இடையில் ஓரிடத்தில் வெட்டினால் கணினி பின்னோக்கிப் போய் முழு ஃபிரேமைத் தேட வேண்டும். புரோரெஸில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக இருக்கும். டைம்லைன் திக்காமல் ஓடும். ஆனால் இடம் தின்னும்: புரோரெஸ் 422இல் ஒரு நிமிட ஃபுல் ஹெச்டி வீடியோவே சுமார் 1 ஜி.பி. வரும்.

கோப்பு திறந்தும் தொல்லை தருவது செல்போன் வீடியோ. போன்கள் பலவும் ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கிப் பதிவுசெய்யும். அதனால் போகப்போக உதட்டசைவும் பேச்சும் விலகும். மீடியாஇன்ஃபோ ஃபிரேம் ரேட்டை 'வேரியபிள்' என்று காட்டினால், ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 'கான்ஸ்டன்ட்' ஆக்கிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள்.

எதை மாற்றினாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். டிரான்ஸ்கோடில் போன தரம் திரும்பி வராது.