ஹெட்லி வெரிட்டி: பந்துவீச்சும் படைப்பாடமும்

சென்னை சேப்பாக்கத்தில் 1934 பிப்ரவரியில் நடைபெற்ற முதல் டெஸ்ட் போட்டியில், இந்திய அணியின் முதல் இன்னிங்ஸில் 49 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளும் போட்டி முழுவதிலும் 11 விக்கெட்டுகளும் எடுத்து இங்கிலாந்தின் வெற்றிக்கு வழிவகுத்த ஹெட்லி வெரிட்டி, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியில் போர்க்கைதியாக இறந்தார்.

லீட்ஸ் நகரில் 1905இல் பிறந்து யார்க்‌ஷயர் அணிக்கு ஆடிய வெரிட்டி இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். எனினும் பந்தை உயரத் தூக்கி மட்டையாளருக்கு ஆசைகாட்டுவதைவிட, சற்று வேகமாகவும் தட்டையாகவும் ஒரே இடத்தில் ஓயாமல் விழச்செய்து அவரது பொறுமையைச் சோதிப்பதே இவரது வழியாக இருந்தது. அக்காலத்தில் ஆடுகளத்தை மழையிலிருந்து முழுமையாக மூடிக்காக்கும் வழக்கம் இல்லாததால், நனைந்து வெயிலில் காயும் மண்ணில் பந்து தாறுமாறாகத் திரும்பி எழும்பும். அத்தகைய களங்களில் 1932இல் நாட்டிங்கம்ஷயர் அணியின் பத்து விக்கெட்டுகளையும் 10 ஓட்டங்களுக்கும், 1934இல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் 14 விக்கெட்டுகளை ஒரே நாளிலும் அவர் வீழ்த்தினார். இதனால் அவரை மழையின் செல்லப்பிள்ளை என்று ஒதுக்குவது நியாயமன்று. டெஸ்ட் போட்டிகளில் டான் பிராட்மனை 8 முறை ஆட்டமிழக்கச் செய்தவர் அவர், வேறெவரும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

இரண்டாம் உலகப் போரையும் அவர் பாடமாகவே அணுகினார். 1938லேயே அது வரும் என்று கணித்து, இந்தியப் பயணத்தில் அறிமுகமாகியிருந்த, ‘கிரீன் ஹவர்ட்ஸ்’ என்னும் யார்க்‌ஷயர்க் காலாட்படைப் பிரிவின் அதிகாரி ஒருவரை நாடி, படைநடத்தும் முறை பற்றிய நூல்களைப் பெற்றுப் படிக்கத் தொடங்கியிருந்தார். ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்த 1939 செப்டம்பர் 1 அன்று, சசெக்ஸ் அணிக்கு எதிராக 9 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்ததே அவரது கடைசி முதல்தர ஆட்டமாயிற்று.

அதன்பின் அதே படைப்பிரிவில் சேர்ந்து, கேப்டன் பதவியில் ராஞ்சிக்கு வந்து வயிற்றுக்கடுப்பால் வருந்தி, பாரசீகம், சிரியா, எகிப்து வழியாக 1943 ஜூலையில் சிசிலித் தீவை அடைந்தார். கட்டானியா சமவெளியில் 19ஆம் நாள் இரவு தொடங்கிய தாக்குதலில் அவரது கம்பெனி, அதாவது ஏறத்தாழ நூறு பேர் கொண்ட பிரிவு, விளைந்து காய்ந்திருந்த தானிய வயலினூடே முன்னேறியது. நாமக்கல் மானாவாரிக் காட்டில் சோளத்தட்டு பற்றிக்கொள்வதுபோல், எதிரியின் குண்டுகள் பட்டுப் பயிர் தீப்பிடித்தது. மார்பில் குண்டு பாய்ந்த வெரிட்டி, படையினர் பின்வாங்கியபின் ஜெர்மானியரிடம் சிக்கி, இத்தாலியின் கசெர்த்தா மருத்துவமனையில் ஜூலை 31 அன்று 38ஆம் வயதில் இறந்து அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

முதல்தர ஆட்டங்களில் 1956 விக்கெட்டுகளைச் சராசரியாக 14.90 ஓட்டங்களுக்கு எடுத்திருந்தார். பத்துக்குப் பத்து என்ற அந்தச் சாதனை முதல்தர கிரிக்கெட்டில் இன்றும் முறியடிக்கப்படவில்லை. ஆடுகளத்தை மூடிக்காக்கும் இக்காலத்தில் அதற்கான வாய்ப்பும் மிகக் குறைவு.