கையில் கைப்பேசி, கற்றுத்தருவார் யார்?

இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் (கணிதம்)

மிதிவண்டி ஓட்டக் கற்ற நாளை யாரும் மறப்பதில்லை. ஊர் மந்தையில் நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகியபோது, இருக்கையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர் என் தந்தை. விழுந்தபோது முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டவர் என் தாய். விழுந்ததற்காக யாரும் என்னை அடிக்கவில்லை.

கைப்பேசிக்கு அந்த ஏற்பாடு இல்லாமற் போயிற்று. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்பதாம் வகுப்புப் பாடங்கள் வாட்ஸ்அப் வழியாக வரும் என்றவுடன், கொத்தனார் வேலை நின்றுபோயிருந்த அந்த நேரத்திலும் என் தந்தை கடன் வாங்கி ஒரு கைப்பேசி கொண்டுவந்தார். கொடுத்தவருக்கும் அதைப் பற்றித் தெரியாது. வாங்கிய எனக்கும் தெரியாது. பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர ஒருவரும் இல்லை.

நான் விழுந்தது 2022ஆம் ஆண்டில், பதினோராம் வகுப்பில். ஒரு பிற்பகலில் அழைப்பு வந்தது. பேசியவர் நல்ல தமிழில், மிகுந்த மரியாதையுடன் பேசினார். என் பெயர், பள்ளி, வகுப்பு எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "உனக்கு உதவித்தொகை வந்திருக்கு பாப்பா. அம்மாவோட கார்டு நம்பரைச் சொல்லு, இப்ப ஒரு நம்பர் வரும், அதையும் சொல்லும்மா" என்றார். சொன்னேன். அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலி சேர்ந்திருந்த கணக்கிலிருந்து 4,300 ரூபாய் போயிற்று.

ஏமாந்ததைவிடப் பெரிய தவறு அதன்பின் நான் செய்ததுதான். மூன்று நாள் வாய் திறக்கவில்லை. அடி விழும் என்ற அச்சம் ஒருபுறம். படித்த பிள்ளை என்று வீட்டில் இருந்த பெயர் போய்விடுமே என்ற வெட்கம் மறுபுறம். நான்காம் நாள் அம்மா பாஸ்புத்தகத்தைப் பதிவு செய்யப் போனபோது எல்லாம் வெளிவந்தது. "அன்றைக்கே சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்" என்றார் வங்கியில் இருந்தவர்.

அவர் சொன்னது சமாதானத்துக்காக அன்று. திருடப்பட்ட பணம் உடனே கையில் நோட்டாக மாறிவிடுவதில்லை. முதலில் ஒரு கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து பிரிந்து வேறு சில கணக்குகளுக்குப் போகிறது. அதன்பிறகே யாரோ எங்கோ அதை எடுக்கிறார்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே தகவல் சொன்னால், பணம் வழியில் இருக்கும்போதே அதை நிறுத்திவைக்க வங்கிகளுக்கு வாய்ப்பு உண்டு. மணிக்கணக்கில் ஓடும் அந்தப் பந்தயத்தில் நான் மூன்று நாட்களை வீணடித்திருந்தேன்.

வீட்டில் கைப்பேசியைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். "பொம்பளப் புள்ளைக்குப் போன் எதுக்கு?" என்று பெரியப்பா கேட்டார். "பள்ளிக்கூடம் மட்டும் எதுக்கு?" என்ற பேச்சும் அதைத் தொடர்ந்து வந்தது. என் வகுப்பாசிரியை வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிராவிட்டால், இந்த ஆண்டு மலரில் நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஏமாற்றியவன் எங்கோ இருந்தான். தண்டனை எனக்கு வந்தது. என்னைப் போன்ற பிள்ளைகள் மூன்று நாள் பேசாமல் இருப்பது இதனால்தான் என்பதைப் பேராசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வாண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்குச் சென்ற சிற்றூரில், அங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகள் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. "கைப்பேசியின் தீமைகள்" என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தலைப்பில் பேச எனக்கு மனம் வரவில்லை. பேச்சுக்குப் பதிலாகக் கேள்வி கேட்டேன். வீட்டில் வங்கிச் செய்தியைப் படித்துச் சொல்வது யார்? மின்கட்டணம் கட்டுவது யார்? கேஸ் சிலிண்டர் பதிவு செய்வது யார்? அமர்ந்திருந்த 38 பேரில் 31 பேர் கை உயர்ந்தது. முன் வரிசைப் பையன் ஒருவன், "எங்க தாத்தாவோட ஏ.டி.எம். நம்பர்கூட எனக்குத்தான்கா தெரியும்" என்றான்.

பதினான்கு வயதில் இவர்கள் வீட்டின் கணக்கப்பிள்ளைகள்! எழுதப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறை என்பதால் குடும்பத்தின் சாவிக்கொத்து இவர்கள் இடுப்பில் தொங்குகிறது. "தொடாதே" என்று இவர்களிடம் சொல்வதில் என்ன பொருள்? பள்ளிக்குள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது அங்கு விதி, நல்ல விதிதான். ஆனால் மாலை நாலரைக்கு மணி அடித்ததும் அந்த விதியும் முடிந்துவிடுகிறது.

முதலில் கணக்கில் தொடங்கினேன்; எனக்குத் தெரிந்தது அதுதானே. உங்கள் இரகசிய எண் என்ன என்று நான் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள்.) நான்கு இலக்க எண்கள் மொத்தம் எத்தனை என்று கேட்டேன். 10,000 என்று ஒரு மாணவி சொன்னாள். பிறந்த நாளையும் மாதத்தையும் எண்ணாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டதும், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பாதி வகுப்பு சிரித்தது. ஓர் ஆண்டில் நாட்கள் 366க்கு மேல் இல்லை. ஆகவே, 10,000 கதவுகளில் தேட வேண்டிய திருடனுக்கு 366 கதவுகள் போதும் என்று நாமே காட்டிக்கொடுக்கிறோம். கடவுச்சொல்லுக்கும் இதே கணக்குத்தான். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எட்டினை மனம்போனபடி அடுக்கினால் ஏறத்தாழ 20,882 கோடி வகைகள் உண்டு. ஒவ்வோர் எழுத்தைக் கூட்டும்போதும் அது 26 மடங்காகும். ஆனால் தன் பெயரை எழுதிப் பின்னால் 123 சேர்ப்பவனுக்கு இந்தக் கோடிகளால் ஒரு பயனும் இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். "உலக்கை, நிலா, டிராக்டர், வடை" என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது. உரக்கச் சொன்னதால் அது இனிப் பயன்படாது என்றேன்.

அடுத்து, என்னை வீழ்த்திய ஓ.டி.பி. ஒருமுறை மட்டும் செல்லும் அந்த எண்ணை அனுப்புவது வங்கி. அனுப்பிய வங்கிக்கு அந்த எண் முன்பே தெரியும். தெரிந்ததை அது ஏன் உன்னிடம் தொலைபேசியில் கேட்க வேண்டும்? கேட்பவன் எவனோ, அவனுக்கு அது தெரியாது, அதனால்தான் கேட்கிறான். இதைக் கரும்பலகையில் எழுதியபோது, நாலே வரியில் முடிகிற இந்தத் தருக்கத்தை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லையே என்று வருத்தமாக இருந்தது. "தவறுதலாக உங்கள் எண்ணுக்கு வந்துவிட்டது, அந்த ஆறு இலக்கத்தை அனுப்புங்கள்" என்று நண்பன் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செய்தியும் இதே வகைதான். அனுப்பினால் உன் வாட்ஸ்அப் கணக்கே அவன் கைக்குப் போகும். பிறகு உன் பெயரில் உன் அத்தையிடம் பணம் கேட்பான்.

யு.பி.ஐ. பற்றிப் பேசும்போது ஒரு பையன் எழுந்தான். அவனுடைய மாமா ஆடு விற்க, வாங்க வந்தவன் முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூ.ஆர். படத்தை அனுப்பினானாம். அதை ஸ்கேன் செய்து பின் எண்ணை அழுத்தியதும் மாமாவின் பணம் போய்விட்டது. விற்பவரே பணத்தையும் கொடுத்த கதை! பணம் கொடுக்கத்தான் பின் எண் வேண்டும். பணம் வருவதற்குப் பின் எண்ணும் வேண்டாம், ஸ்கேன் செய்யவும் வேண்டாம். அன்று மாலை வீட்டுக்குப் போய் இதை ஒரு பெரியவருக்காவது சொல்ல வேண்டும் என்பதே நான் கொடுத்த ஒரே வீட்டுப்பாடம்.

இரண்டாம் பாடவேளை கடினமாக இருந்தது. படங்களைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. மாணவர்களும் மாணவியரும் ஒன்றாக அமர்ந்த வகுப்பில் இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சட்டத்திலிருந்து தொடங்கினேன். 18 வயது நிரம்பாத எவருடைய ஆபாசப் படத்தையும் பரப்புவது மட்டுமன்று, தேடிச் சேர்ப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறையும், பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "யாரோ அனுப்பினான், நான் தள்ளிவிட்டேன்" என்பது தப்பும் வழியாகாது. பின் பெஞ்சு அமைதியாயிற்று.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி மட்டும் தங்கினாள். "அக்கா, ஒரு படம் வெளில போயிடுச்சுன்னா திரும்ப எடுக்க முடியுமா?" என்றாள். யாருடைய படம் என்று நான் கேட்கவில்லை. முடிந்த அளவு விளக்கினேன். கணினிக்குப் படம் என்பது எண்களின் வரிசை. அவ்வரிசையை ஒரு சூத்திரத்தில் இட்டால் ஒரு குறியெண் கிடைக்கும், கைரேகையைப் போல. ரேகையை வைத்து ஆளின் முகத்தை வரைய முடியாததுபோல, குறியெண்ணை வைத்துப் படத்தை உருவாக்க முடியாது. ஆனால் அதே படம் வந்தால் அடையாளம் காணலாம். அமெரிக்காவில் காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023இல் தொடங்கிய "டேக் இட் டவுன்" என்ற சேவை இந்த முறையில்தான் இயங்குகிறது. படம் நம் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை. குறியெண் மட்டும் போகிறது. இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்ற, அதில் சேர்ந்துள்ள தளங்கள் அதைக் கொண்டு படத்தைத் தேடி நீக்குகின்றன. பூட்டிய தனிச்செய்திகளுக்குள் அதனால் நுழைய முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மிரட்டுபவனுக்குப் பணம் கொடுக்கக் கூடாது; அவன் அனுப்பிய செய்திகளை அழிக்கவும் கூடாது, அவையே சாட்சி. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவள் கையில் எழுதிக் கொடுத்தேன். அவள் சம்மதித்ததால் அறிவியல் ஆசிரியையிடம் அழைத்துச் சென்றேன். ஆசிரியை முதலில் கேட்ட கேள்வி, "சாப்பிட்டியா?" என்பது. திட்டு விழும் என்று நின்றிருந்தவள் அழுதுவிட்டாள்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராம் 2025 முதல் நம் நாட்டிலும் 18 வயதுக்குட்பட்டோர் கணக்குகளைத் தானாகவே மறைவாக வைக்கிறது. அறிமுகமில்லாதவர் செய்தி அனுப்புவதையும் தடுக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் பிறந்த ஆண்டைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் தொடங்குகிறார்கள். பெரியவனாக நடித்தவனுக்குச் சிறுவனுக்குரிய பாதுகாப்பு எப்படிக் கிடைக்கும்?

பாதிக்கப்படாமல் இருப்பது பாதிப் பாடம்தான். பிறரைப் பாதிக்காமல் இருப்பது மறுபாதி. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு சென்னைக் குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. குழந்தை கடத்துவோர் திரிகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியில் ஊறியிருந்த கூட்டம் அவர்களைத் தாக்கியது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்தச் செய்தியைத் தள்ளிவிட்ட ஒவ்வொருவரும் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள். அதே 2018இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில், பொய்ச் செய்தியை எப்படி இனங்காண்பது என்று மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். நம் அரசுப் பள்ளிகளிலும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. கணினி இருக்கிறது, இணைப்பு இருக்கிறது. வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குவது மலையைப் பெயர்க்கும் வேலை அன்று.

ஆஸ்திரேலியாவைப் போலத் தடையே போட்டுவிடலாமே என்று எங்கள் விடுதியில் ஒரு வாதம் நடந்தது. அங்கே 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை இருக்கிறது. அதன் பொறுப்பைப் பிள்ளைகள் மீதோ பெற்றோர் மீதோ சுமத்தாமல் நிறுவனங்கள் மீதே சுமத்தியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எனினும் என்னிடம் ஓ.டி.பி. கேட்டவன் சமூக ஊடகம் வழியாக வரவில்லை. சாதாரணத் தொலைபேசி அழைப்பில்தான் வந்தான். வீட்டின் கணக்கப்பிள்ளையைக் காப்பாற்ற அந்தத் தடை போதாது.

முகாம் முடியும் நாளில் தலைமையாசிரியர் என்னை அழைத்து, பிள்ளைகளிடம் பேசியது சரி, பெற்றோரிடம் யார் பேசுவது என்று கேட்டார். தவறு செய்துவிட்டு வந்து சொல்லும் பிள்ளையை அடிக்காதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள், முதலில் 1930க்குப் பேசுங்கள் என்று அவர்களிடமும் சொல்லியாக வேண்டும் அல்லவா? பள்ளி திறந்ததும் ஜூன் மாதத்தில் ஒரு கூட்டம் வைப்பதாக முடிவாகியிருக்கிறது. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்ப வேண்டுமென்பதால் இரவு ஏழு மணிக்குத்தான் கூட்டம். என் அம்மாவும் அந்தப் பாஸ்புத்தகத்துடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உடன் வர விரும்பும் நண்பர்கள் கணிதத் துறையில் பெயர் கொடுக்கலாம். அங்கிருந்து கடைசிப் பேருந்து ஒன்பதே காலுக்கு.