பச்சை மரம் கடைதல்

தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். மத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னுமாக இழுப்பதைப் போலவே பழைய கடைசற்காரர்களும் மரத்துண்டில் கயிற்றைச் சுற்றிச் சுழற்றினார்கள். ஒரே திசையில் ஓடும் மின்பொறி மிகவும் பிந்தி வந்தது.

இங்கிலாந்திலும் இம்முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பிழைப்புத் தொழிலாக இருந்தது. இலண்டனுக்கு வடமேற்கே சில்ற்றேன் குன்றுகளின் பீச் காடுகளில் கதிரைக் கால் கடைந்தவர்களை ‘பொட்ஜர்’ என்றழைத்தார்கள். மரத்தைக் காட்டிலேயே ஆப்படித்துப் பிளந்து, கோடரியால் செதுக்கி, பச்சையாகவே கடைந்து ஹைவிக்கம் நகரத்துத் தொழிற்சாலைகளுக்கு விற்றார்கள். அவர்களது பொறி எளிமையானது. மேலே வளைந்து கொடுக்கும் நீண்ட தடி, கீழே மிதிகட்டை, இரண்டையும் இணைக்கும் கயிறு நடுவில் மரத்துண்டைச் சுற்றிச் செல்லும். மிதித்தால் மரம் உளியை நோக்கிச் சுழலும், வெட்டு அப்போதுதான். காலை எடுத்தால் தடி நிமிர்ந்து மரத்தைத் திருப்பிச் சுழற்றும். அந்நேரம் உளியைச் சற்றுப் பின்னிழுக்க வேண்டும். இன்று இங்கு கொல்லைப்புறத்தில் பொழுதுபோக்காகக் கடைபவர்கள் சிலர் இந்தப் பொறியையே தாமாகச் செய்து கொள்கிறார்கள். இரைச்சல் இல்லாததால் அயலவரின் முறைப்பாடும் இல்லை.

பச்சை மரம் ஏன்? இலகுவாக வெட்டுப்படும் என்பது ஒன்று. ஆனால் காயும்போது அது ஒரே சீராகச் சுருங்குவதில்லை. ஈரப்பதன் ஏறத்தாழ 30 வீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குகிறது. பீச் மரம் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறத்தாழ 6 வீதமும், ஆண்டு வளையத்தின் வழியே அதன் இருமடங்கும் சுருங்கும். வட்டமாகக் கடைந்த கால் முட்டைவடிவாகி விடுவது இதனால்தான். முழுக் கொப்பைப் பிளக்காமல் காயவிட்டால் வெளிவளையம் உள்ளே போக இடமின்றி வெடிக்கும். ஆகவே நடுத்தண்டு வழியே பிளந்து கொள்ள வேண்டும். இந்தச் சுருக்கத்தையே சாதகமாக்கவும் முடியும். நன்கு காய்ந்த குறுக்குச் சட்டத்தைச் சற்று ஈரமான காலில் அடித்து இறக்கினால், கால் காயக் காயத் துளை சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும்.

இன்னொரு காரணம் தூசு. பச்சை மரம் நீண்ட சுருளாகச் சீவுப்படும். காய்ந்த மரத்தை இயந்திரத்தில் கடைந்து உப்புத்தாள் தேய்த்தால் நுண்தூசு எழும். 1960களில் மூக்கின் உட்பகுதிப் புற்றுநோய்க்கும் மரத்தூசுக்கும் உள்ள தொடர்பு கண்டறியப்பட்டது அதே ஹைவிக்கம் பகுதித் தளபாடத் தொழிலாளரிடையேதான். காட்டில் சுருள் சுருளாகச் சீவியவர்களின் மரம் தொழிற்சாலையில் தூசாயிற்று. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் மரத்தூசைப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பொருட்களுடன் சேர்த்தது. பிரித்தானியாவில் வன்மரத் தூசுக்கான வேலைத்தல எல்லை கனமீற்றருக்கு 3 மில்லிகிராம். வீட்டுக் கொட்டிலில் அளக்க எவரும் வரப்போவதில்லை. மரத்தூசுள்ள ஆலைகளில் வேலை செய்யும் எம்மவர்கள் தூசு உறிஞ்சும் குழாய் வேலை செய்கிறதா என்று கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது.

எட்டு மணிநேரம் பெட்டிகளை அடுக்கிவிட்டு வீட்டிலும் வேலையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சிலரது கேள்விக்குள் வேறொன்றும் இருக்கிறது: விரிவுரை செய்தவன் உளி பிடிக்கலாமா? யாழ்ப்பாணத்தில் தச்சு ஒரு சாதியின் வேலை. கதிரையில் அமர்ந்திருந்து படித்த நாம், அதைச் செய்தவரைத் திண்ணைக்கு அப்பால் விட்டோம். இங்கு தொழிற்சாலையில் நிற்பதை ‘சூழ்நிலை’ என்று சமாதானம் சொல்லிக் கொள்கிறோம். விரும்பிச் செய்யும் கைவேலைக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அதனால்தான் அது உறுத்துகிறது. ஆலையில் என் கைக்கு வருவது ஒரு பொருளின் ஒரு மூலை மட்டுமே. ஒரு பொருளை முதலிலிருந்து முடிவுவரை செய்யும் உரிமையை ஒரு சாதிக்கு விட்டுக்கொடுத்து, அதை இழிவு என்றும் சொன்ன சமூகம் எமது.

தொடங்க விரும்புவோர் தோட்டத்தில் விதைக்குழி குத்தும் முளையைக் கடையலாம்: ஓரடி நீளம், ஒன்றரை அங்குலத் தடிப்பு, ஒருமுனை கூர். அயலவர் வெட்டி எறியும் ஆப்பிள் அல்லது செர்ரிக் கொப்பு போதும், கேட்டு எடுங்கள். மழையில் கிடக்கும் பொருளுக்குப் பீச் ஆகாது, விரைவில் உக்கிவிடும். ஓக் மரத்தின் வைரம் தாங்கும். கடையும்வரை மரத்தின் இரு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் வையுங்கள். கடைந்த பின் அதே சீவலோடு கடதாசிப் பையில் போட்டு, சில வாரங்கள் மெதுவாகக் காயவிடுங்கள்.