பேரிடர் வந்தால் வட்டி குறையுமா?

புயலோ பூகம்பமோ வந்தால் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கும் என்று பலரும் எதிர்பார்ப்பதுண்டு. எப்போதும் அப்படி நடப்பதில்லை. நியூசிலாந்தில் நடந்ததைப் பார்ப்போம்.

2011 பிப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரை நிலநடுக்கம் தாக்கி 185 பேர் இறந்தனர். தொழிலும் வியாபாரமும் முடங்கும் என்று கருதிய அந்நாட்டு ரிசர்வ் வங்கி, மார்ச் 10 அன்று வட்டியை 3 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைத்தது.

2023 பிப்ரவரியில் கேப்ரியேல் புயல் ஹாக்ஸ் பே பகுதி ஆப்பிள் தோட்டங்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. ஒரு வாரம் கழித்து, அதே வங்கி வட்டியை 4.25 சதவீதத்திலிருந்து 4.75 சதவீதமாக உயர்த்தியது. விலைவாசி ஆண்டுக்கு 7.2 சதவீதம் ஏறியிருந்ததே காரணம்.

வட்டி விகிதம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். வெள்ளம் புகுந்த வயலுக்கென்று அதைத் தனியாகக் குறைக்க முடியாது. பாதிக்கப்பட்ட விவசாயிக்குக் கைகொடுப்பது கடன் தவணை நீட்டிப்பு. நம் நாட்டிலும் இயற்கைப் பேரிடரில் பயிர் இழந்தோரின் கடனை மாற்றியமைக்க, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தனி வழிமுறை வகுத்துள்ளது.

ஆகவே வட்டி குறையும் என்று காத்திராமல், பயிர்ச்சேதத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் உதவி வேளாண்மை அலுவலரிடமும் பதிவு செய்யுங்கள். தவணை நாள் கடக்குமுன் வங்கியில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள்.