மென்னீராக்கியோடு கரியும் வேண்டுமா?

ஈப்போ கல்லுமலை முருகன் கோயில் சாய்ந்து நிற்பது சுண்ணாம்புக் குன்றில். அத்தகைய பாறையைக் கரைத்துக்கொண்டு வரும் நீரில் கால்சியம் சேர்ந்துவிடும். கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிவதும், சவர்க்காரத்தை நுரைக்கவிடாததும் அதுதான்.

இத்தகைய கடினநீரை மென்மையாக்கப் பிறந்தது மென்னீராக்கி. அதன் உருளைக்குள் மணல்போன்ற பிசின் மணிகள் சோடியத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. கால்சியமும் மெக்னீசியமும் வந்ததும் அவற்றை வாங்கிக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் உப்புநீர் பாய்ச்சிக் கழுவினால் மறுபடி தயார். வாடையும் குளோரினும் அதன் கணக்கில் வராது.

அது கரியின் வேலை. கொட்டாங்கச்சியைக் கரியாக்கி, ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் சூட்டில் நீராவி பாய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கின்றன. ஒரே கிராம் கரிக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு! முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகள் பலவற்றுக்குள் இருந்ததும் இதே கொட்டாங்கச்சிக் கரிதான். வாடை தரும் பொருள்களும் பூச்சிமருந்துகளும் அந்தத் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. குளோரின் தீங்கற்ற குளோரைடாக மாறிவிடுகிறது. கால்சியம் மட்டும் தடையின்றிக் கடந்துபோகும்.

ஆகவே மஞ்சோங் மாவட்டத்து ஆயர் தாவார் வீட்டுக்காரர் ஒருவர் முதலில் கேட்க வேண்டியது, மென்னீராக்கியே தேவையா என்பது. மஞ்சோங் சமவெளியில், ஈப்போ இருக்கும் கிந்தாவின் சுண்ணாம்புக் குன்றுகள் இல்லை. கேத்தலில் வெள்ளைப் படிவு இல்லையென்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். கிணற்றுநீரில் துருவின் நிறம் தெரிந்தால் சிக்கல் இரும்பு. அதற்குத் தனி வடிகட்டி வேண்டும். இரும்பு படிந்தால் பிசினும் கெடும்.

கடினநீர்தான் என்று சோதனையில் உறுதியானால், மென்னீராக்கியோடு கரியும் சேர்க்கலாம். ஆனால் கரியை மீட்டருக்கு அடுத்து, வீடு முழுமைக்குமாகப் பொருத்தச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். குளோரின் பிசினை மெல்ல அரிக்கும் என்பது உண்மை. ஆயினும் குழாய்நீரில் உள்ள அளவை நல்ல பிசின் பல ஆண்டுகள் தாங்கும். வீட்டுக்கு வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை வாசலிலேயே பிடுங்கிவிட்டால், கூரைத் தொட்டியில் வெயிலில் கிடக்கும் நீருக்குக் காவல் ஏது? பிள்ளைகள் வாய்கொப்பளிப்பதும் அந்த நீரில்தானே!

கரி சமையலறைக் குழாய்க்குப் போதும். அந்தக் குழாய்க்கு மென்னீராக்கியைத் தொடாத இணைப்பைக் கொடுப்பது இன்னும் நல்லது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேரும். கரி அதைப் பிடிக்காது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்துச் சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

துளைகள் நிரம்பிய கரியைக் கழுவிப் புதுப்பிக்க வீட்டில் வழியில்லை. நாள் தவறிய கரியில் நுண்ணுயிர்களும் குடியேறும். தயாரிப்பாளர் சொன்ன கெடுவுக்குள் மாற்றுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால், கரி பொருத்திய குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டுப் பிறகு குடிக்கப் பிடியுங்கள்.